யானைக்கு அடி சறுக்கும் சனிக்கிழமை

2022 செப்டம்பர் 10, சனிக்கிழமை. அமெரிக்காவின் மூன்று பெரிய பல்கலைக்கழகங்கள், மூன்று சிறிய பல்கலைக்கழகங்களைத் தங்கள் மைதானத்தில் வந்து ஃபுட்பால் ஆட அழைத்திருந்தன. வருவதற்குக் கூலியும் உண்டு. மூன்று காசோலைகளையும் கூட்டினால் 40 லட்சம் டாலருக்கு மேல். விருந்தாளி வருவார், நன்றாக அடி வாங்குவார், காசோலையோடு ஊர் திரும்புவார் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் எழுதப்படாத ஷரத்து. அன்றைய முடிவுகள் இப்படி வந்தன. அப்பலாச்சியன் ஸ்டேட் 17, டெக்சஸ் ஏ அண்ட் எம் 14. மார்ஷல் 26, நோட்டர் டேம் 21. ஜார்ஜியா சதர்ன் 45, நெப்ராஸ்கா 42. மூன்று விருந்தாளிகளும் வென்றார்கள். காசோலையையும் வாங்கிக்கொண்டார்கள்.

எப்படி நடந்தது இது? பதில் தேடிப் போனால் நிகழ்தகவு, உடலமைப்பு, கடிகாரம், வானியற்பியல் என்று எங்கெங்கோ கூட்டிப்போகிறது. முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம்.

இது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, முன்னால் ஓடுகிறவருக்கு வீசியோ, 100 கஜ மைதானத்தின் எதிர்முனைக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து கைமாறும். எல்லைக் கோட்டைக் கடந்தால் ‘டச்டவுன்’, 6 புள்ளி. இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3. ஒவ்வொரு முயற்சியும் சில நொடிதான். பிறகு நின்று, அடுத்தது என்ன என்று யோசித்து, மறுபடி மோதுவார்கள். கபடியின் மல்லுக்கட்டும் சதுரங்கத்தின் யோசனையும் மாறி மாறி வரும் ஆட்டம்.

உச்சப் பிரிவில் 2025-ல் 136 கல்லூரி அணிகள் இருந்தன. இவை ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டணிகளாகப் பிரிந்திருக்கின்றன. கூட்டணிக்குள்தான் பெரும்பாலான ஆட்டங்கள். தொலைக்காட்சிப் பணத்துக்கு ஒப்பந்தம் போடுவதும் கூட்டணிதான். நான்கு கூட்டணிகள் பெரியவை. அவற்றின் உறுப்பினர்களையும், தனித்து நிற்கும் நோட்டர் டேமையும் சேர்த்தால் 68 அணிகள். மீதிப் பாதி சிறியவர்கள். நாம் மேலே பார்த்த மூன்று வெற்றியாளர்களும் சன் பெல்ட் என்ற ஒரே சிறு கூட்டணியின் உறுப்பினர்கள்.

இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை ஓர் எண்ணில் பார்க்கலாம். பிக் டென் என்ற பெரிய கூட்டணி 2023-ல் தொடங்கிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தில் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் பெறுகிறது. 18 உறுப்பினர்கள். சராசரியாகப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்தரைக் கோடி டாலர். நார்தர்ன் இல்லினாய் என்ற சிறு கூட்டணி அணிக்கு, 2024-ல் நோட்டர் டேமுக்குப் போய் ஆடியதற்குக் கிடைத்த கூலி 14 லட்சம் டாலர். அந்த அணிக்கு அது பெரிய தொகை. பிக் டென் உறுப்பினர் ஒருவருக்கோ ஒன்பது, பத்து நாள் தொலைக்காட்சி வருமானம்.

அந்த ஆட்டத்திலும் விருந்தாளிதான் வென்றார். 16-14. நார்தர்ன் இல்லினாய் 28 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று பந்தயக் கணிப்பாளர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த அணியிடம் தோற்ற நோட்டர் டேம், அதே பருவத்தில் தேசிய இறுதிப்போட்டி வரை போனது.

28 புள்ளி என்றால் வெல்லவே முடியாது என்றுதானே தோன்றும்? இங்கேதான் கணிதம் முதல் அதிசயத்தைக் காட்டுகிறது. ஹால் ஸ்டெர்ன் என்ற புள்ளியியலாளர் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் கணிப்புகளையும் நிஜ முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கணிப்பு தவறும் அளவுகள் அழகான மணி வடிவ வளைவில் வந்து அமர்ந்தன. சிறு தவறுகள் நடுவில் குவிந்திருக்க, பெரிய தவறுகள் இரு ஓரங்களிலும் மெலிந்துகொண்டே போயின. அந்த வளைவின் அகலத்தைச் சொல்லும் அளவுக்குத் திட்டவிலக்கம் என்று பெயர். கணிப்பு வழக்கமாக எவ்வளவு தவறும் என்பதன் அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்டது 14 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. கல்லூரி ஆட்டங்களில் இது இன்னும் கொஞ்சம் அகலம், சுமார் 16.

இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நாமே கணக்குப் போடலாம். 7 புள்ளியில் தோற்கும் என்று கணிக்கப்பட்ட அணி மூன்றில் ஒரு முறை வெல்லும். 14 என்றால் ஐந்தில் ஒரு முறை. 20 என்றால் பத்தில் ஒரு முறை. 28 என்றாலும் கதவு முழுக்க மூடுவதில்லை, இருபத்தைந்தில் ஒரு முறை திறக்கும்.

அந்தச் செப்டம்பர் சனிக்கிழமையின் மூன்று சிறிய அணிகளும் ஏறத்தாழ 20 புள்ளியில் தோற்கும் என்றுதான் கணிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு வாய்ப்பு. இந்த மூன்றும் ஒரே நாளில் வெல்வது ஆயிரத்தில் ஒன்று. ஆனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் இப்படிச் சமமற்ற ஆட்டங்கள் டஜன் கணக்கில் நடக்கின்றன. பத்தில் ஒரு வாய்ப்புள்ள 30 ஆட்டங்கள் நடந்தால், சராசரியாக மூன்றில் யானைக்கு அடி சறுக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். எந்த யானைக்கு என்பதை மட்டும்தான் சொல்ல முடியாது.

சரி, தற்செயல் தன் பங்கைத் தந்துவிடும். அந்தப் பங்கைக் கூட்டிக்கொள்ள வழி உண்டா? உண்டு. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு பையில் 60 கறுப்புக் கோலிகளும் 40 வெள்ளைக் கோலிகளும் இருக்கின்றன. கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம், பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறோம். கறுப்பு வந்தால் பெரியவருக்கு ஒரு புள்ளி, வெள்ளை வந்தால் சிறியவருக்கு. ஒரே ஒரு முறை எடுத்தால் சிறியவர் வெல்லும் வாய்ப்பு 40 சதவீதம். 11 முறை எடுத்து யாருக்கு அதிகம் என்று பார்த்தால் அது 25 ஆகச் சுருங்குகிறது. 101 முறை எடுத்தால் வெறும் 2 சதவீதம். பை மாறவில்லை, கோலி மாறவில்லை. எத்தனை முறை எடுக்கிறோம் என்பது மட்டுமே மாறியது. எண்ணிக்கை கூடக்கூட உண்மையான வலிமை வெளிப்பட்டே தீரும் என்ற இதைப் பெரும் எண்களின் விதி என்பார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஐந்து நாள் டெஸ்ட்டில் பலவீனமான அணி ஒளிந்துகொள்ள இடமில்லை. இருபது ஓவரில் உண்டு. 2024 டி20 உலகக் கோப்பையில் அமெரிக்க அணி டல்லஸ் அருகே பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் வென்றதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் ஓவர் எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. 60 நிமிடக் கடிகாரம்தான் இருக்கிறது. அதில் எத்தனை முயற்சிகள் நடக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆக, ஒரு டெஸ்ட்டை டி20-யாகச் சுருக்கும் அதிகாரம், பந்து வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. ஒரு முயற்சி முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 நொடி அவகாசம். பந்தை வீசாமல் கையில் ஏந்தி ஓடி, மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி நொடி வரை நின்று, மூன்று கஜம், நான்கு கஜம் என்று நகர்ந்தால் ஆட்டத்தில் கிட்டத்தட்ட கால்வாசியை ஒரே மூச்சில் விழுங்கிவிடலாம்.

டெக்சஸ் ஏ அண்ட் எம் 2022-ல் நாட்டின் மிகச்சிறந்த இளம் வீரர்களைத் திரட்டிச் சேர்த்திருந்தது. அப்பலாச்சியன் ஸ்டேட் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவர்களை ஓரத்தில் உட்கார வைத்தது. 60 நிமிடத்தில் 41 நிமிடம் 29 நொடி பந்து சிறிய அணியிடம் இருந்தது. 2018-ல் அமெரிக்கத் தரைப்படைக் கல்லூரியான ஆர்மி, ஓக்லஹோமாவின் மைதானத்தில் 44 நிமிடம் 41 நொடி பந்தைப் பிடித்துவைத்தது. அந்த ஓக்லஹோமா, தேசியப் பட்டத்துக்கான கடைசி நான்கில் இடம் பிடித்த அணி. அதைக் கூடுதல் நேரம் வரை இழுத்துப்போய், 28-21 என்றுதான் ஆர்மி தோற்றது.

ராணுவக் கல்லூரிகளின் கதை தனியாகவே சொல்லத் தகுந்தது. படிப்பு முடிந்ததும் அவர்கள் அதிகாரிகளாகச் சேர வேண்டும். உடல் எடைக்கு வரம்பு உண்டு. 140 கிலோ ஆட்களை அடுக்கிவைக்க வழியில்லை. எதிரே நிற்பவரோ அந்த எடைதான். தள்ளி நகர்த்த முடியாத மலையை என்ன செய்வது? அவர்கள் கண்ட விடை, தள்ளாமலே விட்டுவிடுவது.

11 பேருக்கு 11 பேர் என்றால் சமம்போலத் தெரிகிறது. உண்மையில் தாக்கும் பக்கம் ஓர் ஆள் குறைவு. பந்தை ஏந்துபவர் யாரையும் தடுக்க முடியாது. அதனால் மிஞ்சும் பத்துப் பேர் எதிரணியின் 11 பேரைச் சமாளிக்க வேண்டும். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றால் இரண்டு ஆள் குறைவு. ‘டிரிபிள் ஆப்ஷன்’ என்ற மும்முனை உத்தி இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. எதிரணியில் குறிப்பிட்ட ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுப்பதில்லை. குவார்ட்டர்பேக் ஓடியபடியே அவரைக் கவனிக்கிறார். நடுவில் பாயும் ஓட்டக்காரரை அவர் பிடிக்கப் போனால், குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவார். அவர் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கக் காத்திருந்தால், பந்து நடுவில் பாய்பவரிடம் போய்விடும். வெளியே இன்னொரு தடுக்கப்படாத ஆள். அவர் குவார்ட்டர்பேக் மீது பாய்ந்தால் பந்து பக்கவாட்டில் மூன்றாவது ஆளுக்குப் பறக்கும். எதிரணியின் இரண்டு பேர், அவர்கள் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும், எதைத் தேர்ந்தெடுத்தாலும் தவறாகிவிடும். ஒரு கை கூட அவர்கள்மேல் படாமலே இருவரும் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறார்கள். முழு முடிவும் கண் இமைக்கும் நேரத்தில் எடுக்கப்படுகிறது.

இந்த யோசனையின் உச்சத்தை 2013 நவம்பரில் ஃபுளோரிடாவில் பார்க்கலாம். ஜார்ஜியா சதர்ன் அப்போது உச்சப் பிரிவில்கூட இல்லை, ஒரு படி கீழே. அன்று அவர்கள் வீசிய மூன்று பந்துகளில் ஒன்றுகூட ஆள் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஓடியே 429 கஜம் கடந்தார்கள். 26-20 என்று வென்றார்கள்.

இன்னொரு கண்டுபிடிப்பு தற்செயலாகப் பிறந்தது. 1990-களின் தொடக்கத்தில், மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னஞ்சிறு கல்லூரியில் ரிச் ராட்ரிகஸ் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பயிற்சியில் குவார்ட்டர்பேக், ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுப்பதில் தடுமாறினார். பந்து கையிலேயே தங்கிவிட்டது. பார்த்தால், ஓரத்தில் நின்ற எதிரணி ஆள் ஓட்டக்காரரைத் துரத்தி உள்ளே போய்விட்டார். இவர் காலியான வெளிப்பக்கமாக ஓடிவிட்டார். வேறொரு பயிற்சியாளர் திட்டியிருக்கக்கூடும். ராட்ரிகஸ் ஏன் அப்படி ஓடினாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து ‘சோன் ரீட்’ என்ற உத்தி வளர்ந்தது. இன்று அது தொழில்முறை அணிகள் வரை பரவிக் கிடக்கிறது. இழக்க ஒன்றும் இல்லாத இடங்களில்தான் இந்த ஆட்டம் பெரும்பாலும் புதிதாக யோசித்திருக்கிறது. பெரிய அணிக்கு யோசிக்க வேண்டிய கட்டாயம் குறைவு. அதனிடம் ஆள் இருக்கிறது.

இந்த விதை எங்கே போய் முளைத்தது பாருங்கள். 2007 செப்டம்பர் 1 அன்று, மிஷிகனின் பிரம்மாண்ட மைதானத்தில் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் பேர் கூடியிருந்தார்கள். நாட்டில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிஷிகன், ஒரு படி கீழ்ப் பிரிவிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டோடு ஆடியது. அந்த அணியின் ஊரான பூன், இருபதாயிரம் பேர்கூட இல்லாத மலை ஊர். ஐந்து பூன்களை அந்த மைதானத்தில் உட்கார வைக்கலாம். மைதானத்தின் முழு அகலத்துக்கும் ஆட்களை விரித்து நிறுத்தி, வேகமான குவார்ட்டர்பேக்கைக் காலி இடங்களில் ஓடவிடும் உத்தியோடு வந்திருந்தார்கள். கனத்த தடுப்பாளர்களுக்குக் கனமே பாரமாகிவிட்டது. 34-32. கடைசி நொடிகளில் மிஷிகன் உதைத்த பந்தை விருந்தாளி ஒருவர் பாய்ந்து மறித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் மிஷிகன் தன் அடுத்த தலைமைப் பயிற்சியாளரை அறிவித்தது. ரிச் ராட்ரிகஸ்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் ஏன் ஒரு சிறு கூட்டணி அணி பட்டம் வெல்வதில்லை? கடைசியாக வென்றது 1984-ல், பிரிகம் யங் பல்கலைக்கழகம். அதற்கு விடையும் அதே கணிதத்தில் இருக்கிறது. ஒரு கதவு ஐந்தில் ஒரு முறை திறக்கும் என்றால், தொடர்ந்து நான்கு கதவுகள் திறப்பது 625-ல் ஒரு முறை. ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு முறை திறந்தாலும், நான்கும் திறப்பது 81-ல் ஒன்று. தற்செயல் ஒரு சனிக்கிழமைக்குத் தோழன். ஒரு பருவம் முழுவதும் கூட வர மாட்டான்.

அதோடு உடல் என்ற கடினமான உண்மை. முன்வரிசையில் நின்று மோதுபவர்கள் 130, 140 கிலோ இருக்க வேண்டும். அந்த எடையோடு, ஓட்டப்பந்தய வீரரைப் போலக் கிளம்பவும் வேண்டும். மணி வளைவின் ஓரம் எவ்வளவு வேகமாக மெலிகிறது என்று பாருங்கள். ஏதாவது ஒரு தன்மையில் சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கம் தள்ளி இருப்பவர் சுமார் 740 பேரில் ஒருவர். இன்னும் ஒரே ஒரு விலக்கம் தள்ளிப் போனால் முப்பதாயிரம் பேருக்கு ஒருவர்கூடத் தேறுவதில்லை. எடை, உயரம், வேகம் மூன்றிலும் ஓரத்தில் இருக்கும் ஒருவர் வேண்டுமென்றால்? நாடு முழுவதும் தேடினாலும் ஆண்டுக்குச் சிலர்தான். அந்தச் சிலரின் வீட்டு வாசலில் எல்லாப் பெரிய அணிகளும் நிற்கின்றன. இதனால்தான் சிறிய அணிகளிடம் நல்ல குவார்ட்டர்பேக் இருப்பார், காற்றாய்ப் பறக்கும் ஓட்டக்காரர் இருப்பார். முன்வரிசை மட்டும் மெலிந்திருக்கும். அதிலும் முதல் நான்கு பேர் சமமாக இருக்கலாம், அவர்கள் களைத்தபின் வரும் அடுத்த நான்கு பேர் இருக்க மாட்டார்கள். மூன்று கால்பகுதி சமமாக ஆடிவிட்டுக் கடைசிக் கால்பகுதியில் சிறிய அணி சரிவதைப் பார்த்தால், அது மனம் தளர்ந்ததால் அல்ல. எட்டாவது ஆள் இல்லாததால்.

இந்த ஆள்குவிப்புக்கு ஒரு காலத்தில் வரம்பே இல்லை. பெரிய அணிகள், எதிரிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே வீரர்களுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துவைத்த காலம் அது. 1973-ல் 105 என்று வரம்பு வந்தது. பிறகு 95. 1994-ல் 85. வரம்பு இறங்க இறங்க, பெரியவர்களின் தட்டிலிருந்து வழிந்த திறமை சிறியவர்களிடம் சேர்ந்தது. அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகள் சிறிய அணிகளின் பொற்காலமாக அமைந்தது தற்செயல் இல்லை. 2025-ல் அந்த 85 விலக்கப்பட்டது. இப்போது அணியில் 105 பேர் வரை இருக்கலாம், அத்தனை பேருக்கும் உதவித்தொகை தரலாம். போதாததற்கு, கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாக முதல் ஆண்டில் இரண்டு கோடியே ஐந்து லட்சம் டாலர் வரை பங்கு தரலாம். பல சிறிய அணிகளால் அந்த உச்சவரம்பை எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

ஆனாலும் 17 வயதுப் பையனின் உடல் 21 வயதில் எப்படி இருக்கும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடிவதில்லை. சிறியவர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில். கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாயச் சிற்றூரில் வளர்ந்த ஜாஷ் ஆலனைப் பள்ளி முடித்தபோது உச்சப் பிரிவின் எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை. ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடினார். நாடு முழுக்கப் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் கதவைத் திறந்தது வயோமிங். ஊட்டியின் உயரத்தில், கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே, மூச்சு முட்டும் மெல்லிய காற்றில் ஆடும் சிறு கூட்டணி அணி. அங்கே அவர் உயர்ந்தார், அகன்றார். 2018-ல், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில் ஏழாவதாக எடுக்கப்பட்டார். தொழில்முறை ஆட்டத்தில் 2024 பருவத்தின் மிகச்சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

வெல்வது ஒரு பாடு. வென்றதை நம்ப வைப்பது இன்னொரு பாடு. 136 அணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 9,180 இணைகள். ஒரு பருவத்தில் நடப்பதோ ஏறத்தாழ 800 ஆட்டம். பத்தில் ஒரு இணைகூட நேரில் மோதுவதில்லை. அதிலும் பெரியவர்கள் பெரியவர்களோடும் சிறியவர்கள் சிறியவர்களோடும்தான் அதிகம் ஆடுகிறார்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே சில ஒற்றையடிப் பாதைகள் மட்டும் இருப்பதுபோல. எந்த ஊர் மேடு என்று எப்படி அளப்பது?

வெஸ்லி காலி என்ற வானியற்பியலாளர் இதற்கு அழகான வழி சொன்னார். இன்னும் ஆடாத அணிக்கு அரை மதிப்பு. பிறகு, வெற்றியோடு ஒன்றைக் கூட்டி, ஆட்டங்களோடு இரண்டைக் கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். ஓர் ஆட்டம் ஆடி வென்றால் மூன்றில் இரண்டு. பழைய நிகழ்தகவு அறிஞர் லாப்லாஸின் விதி இது. அதன்பின் ஒவ்வொரு எதிராளியின் மதிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எதிராளியின் மதிப்போ அவருடைய எதிராளிகளைப் பொறுத்தது. ஒவ்வொருவரும் மற்றவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்தச் சிக்கலை, அணிக்கு ஒரு சமன்பாடு என்று எழுதி எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்கிறார். இதில் பெயருக்கும் புகழுக்கும் இடமே கிடையாது.

2017 பருவத்தில் யூ.சி.எஃப். என்ற ஃபுளோரிடாவின் சிறு கூட்டணி அணி 13 ஆட்டமும் வென்றது. கடைசியாக அது வீழ்த்திய ஆபர்ன், தேசிய இறுதிக்குப் போன அலபாமா, ஜார்ஜியா இரண்டையுமே அந்தப் பருவத்தில் வென்றிருந்த அணி. பட்டத்துக்கான நால்வரைத் தேர்ந்தெடுத்த குழு யூ.சி.எஃப்.-ஐக் கூப்பிடவில்லை. காலியின் கணக்கு அதைத்தான் முதலிடத்தில் வைத்தது. என்னைக் கேட்டால், ஒரு தோல்வியும் இல்லாத அணிக்கு ஆடும் வாய்ப்பே தராமல் அது பலவீனம் என்று தீர்ப்பளிப்பது அளவையே அல்ல. 2014 முதல் 2023 வரை பத்து ஆண்டுகளில் அந்த நால்வர் பட்டியலில் 40 இடங்கள். சிறு கூட்டணிகளுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, 2021-ல் சின்சினாட்டிக்கு. அலபாமாவிடம் 27-6 என்று தோற்றார்கள். 2024-ல் பட்டியல் 12 ஆக விரிந்தது. சிறந்த ஐந்து கூட்டணிகளின் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்றானபின், ஒரு சிறியவருக்காவது ஆண்டுதோறும் வாசல் திறக்கிறது.

இந்த வாசலுக்குப் பின்னால் ஒரு வடிகட்டியும் இருக்கிறது. கதையிலேயே ஆழமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். 2008-ல் தோல்வியே காணாமல் அலபாமாவை வீழ்த்திய யூட்டா இப்போது எங்கே? பெரிய கூட்டணியில். 2010-ல் தோல்வியே காணாமல் விஸ்கான்சினை வீழ்த்திய டி.சி.யூ.? பெரிய கூட்டணியில். யூ.சி.எஃப்., சின்சினாட்டி, பிரிகம் யங்? மூன்றும் 2023-ல் அங்கே போய்விட்டன. பாலில் ஆடை படியப் படிய எடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, பாலில் ஆடையே இல்லை என்று சொல்வது போன்றது சிறு கூட்டணிகளைப் பற்றிய புள்ளிவிவரம். வென்றவர்கள் ‘சிறியவர்’ என்ற பெட்டியிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். பெட்டியில் மிஞ்சியிருப்பவர்களை வைத்துத்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

ஆட்களும் அப்படித்தான். யூ.சி.எஃப்.-ஐ 13-0 என்று வழிநடத்திய ஸ்காட் ஃப்ராஸ்டை அவருடைய பழைய கல்லூரியான நெப்ராஸ்கா அழைத்துக்கொண்டது. நாம் தொடங்கிய அந்தச் சனிக்கிழமை ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்றது அவருடைய நெப்ராஸ்காதான். மறுநாள் பதவி போனது. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசனைச் சிறு கூட்டணியில் உயர்த்திக் காட்டிய கர்ட் சிக்னெட்டியை 2023 இறுதியில் இண்டியானா அழைத்தது. தோல்விக் கணக்கில் வரலாற்றிலேயே முன்வரிசையில் நின்ற பிக் டென் அணி அது. சிக்னெட்டி தன்னோடு ஜேம்ஸ் மாடிசன் வீரர்கள் பத்துப் பேருக்கு மேல் கூட்டிப்போனார். வீரர்கள் அணி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற பழைய விதி தளர்ந்திருந்ததால் அது சாத்தியமானது. சிறிய கல்லூரி கண்டெடுத்து வளர்த்த ஆட்கள், பெரிய கல்லூரியின் சட்டையில். இரண்டே பருவத்தில், 2026 ஜனவரியில், இண்டியானா ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டம் வென்றது.

அதே பருவத்தின் பட்டத்துக்கான பட்டியலில், பன்னிரண்டு இடங்களில் இரண்டு சிறு கூட்டணிகளுக்குக் கிடைத்திருந்தன. ஒன்று டுலேன், மற்றொன்று அதே ஜேம்ஸ் மாடிசன். இரண்டும் 2025 டிசம்பரில் முதல் சுற்றிலேயே வெளியேறின. டுலேனால் பத்துப் புள்ளிதான் எடுக்க முடிந்தது. ஜேம்ஸ் மாடிசன் ஓரிகனின் மைதானத்தில் 34 புள்ளி எடுத்தும் 51 கொடுத்துத் தோற்றது. அந்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்ற பக்கத்தின் ஓரக்கோட்டில் நின்ற இரண்டு தலைமைப் பயிற்சியாளர்களும், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அடுத்த வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஃபுளோரிடா அழைத்திருந்தது, மற்றவரை யூ.சி.எல்.ஏ.